வெயில் காலத்தில் பைக்கில் அடிக்கும் பெட்ரோல் வாடை: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பைக் ஸ்பேர்ஸ் கடையில் நிற்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் போதும், பிரேக் கேபிள் வாங்க வந்தவர்கூட காசைக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். முக்கால்வாசி நேரம் அது பெட்ரோல் வாடை பற்றித்தான் இருக்கும். ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

வெயில்ல நிப்பாட்டிட்டு வந்து பாத்தா பெட்ரோல் வாடை அடிக்கு. லீக்குதானா அண்ணாச்சி?

பெரும்பாலும் லீக் இல்லை. பெட்ரோல் ஆவியாக வெயிலே தேவையில்லை, மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். அப்படிப்பட்ட சாமானை நம்ம ஊர் கத்திரி வெயிலில், கையை வைக்க முடியாத சூட்டில் கிடக்கிற தகர டேங்க்கில் வைத்திருக்கிறோம். டேங்க்குக்குள் காற்று போய்வர ஒரு சின்ன வழி உண்டு, ஆவி அது வழியாகக் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. ஓட்டி வந்து இன்ஜினை அணைத்ததும் அந்தச் சூடு மேலே ஏறி, கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கிற கொஞ்சம் பெட்ரோலைக் காய்ச்சிவிடும். கால் மணி நேரம் வாடை அடித்து அடங்கிவிடும்.

நான் பார்க்கிற கணக்கு இதுதான். வாடை வேறு, ஈரம் வேறு. நிழலில் நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்தால் வெறும் ஆவி. வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகும், அதாவது விடியற்காலையிலும் அதே வாடை அடித்தால், அல்லது எங்கேயாவது விரலில் ஈரம் ஒட்டினால், அது லீக்.

வெயில்ல டேங்க் வெடிச்சிரும், அதனால பாதி டேங்க்தான் போடணும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வருஷா வருஷம் மாங்காய் சீசன் மாதிரி இந்தச் செய்தியும் வந்துவிடுகிறது. தினம் ஒரு தடவை டேங்க் மூடியைத் திறந்து "கேஸை" வெளியே விடுங்கள் என்றும் அதில் சேர்த்திருப்பார்கள். இந்தியன் ஆயில் பெயரிலேயே இது சுற்றி, அந்த நிறுவனமே இதை மறுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வண்டிக் கம்பெனி சொன்ன அளவு வரைக்கும் கோடையிலும் தாராளமாக நிரப்பலாம்.

பெட்ரோல் தீப்பொறி இல்லாமல் தானாகப் பற்ற வேண்டுமென்றால் 250 டிகிரிக்கு அருகிலாவது சூடு வேண்டும். புது பஸ் ஸ்டாண்டு வெட்டவெளியில் நாள் முழுக்க நிறுத்தினாலும் டேங்க் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பயப்பட வேண்டியது வெளியே வந்த ஆவிக்கும் பக்கத்தில் இருக்கும் நெருப்புக்கும். தினமும் மூடியைத் திறக்கிறவர் அந்த ஆவியைத் தன் மூக்குக்கு நேராகத் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான் பலன்.

அப்பம் வாய் வரைக்கும் ஊத்தலாம்லா?

வாய் வரைக்கும் கூடாது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கழுத்து மாதிரித் தகடு தெரியும், அதன் அடிவிளிம்பு வரைக்கும்தான். பெட்ரோல் சூட்டில் விரியும். பங்க்கில் பூமிக்கு அடியில் இருக்கும் டேங்க்கிலிருந்து வருவது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். அதில் 10 லிட்டர் உங்கள் டேங்க்குக்குள் போய் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மில்லி கூடும். ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளருக்கு மேலே இடம் விடவில்லை என்றால் அது மூடி வழியாக வழிந்து, டேங்க் மேல் ஓடி, சீட்டுக்கு அடியில் இறங்கும்.

சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து நிரப்பினால் அளவு தப்பாகத் தெரியும், வண்டியை நிமிர்த்திப் பிடித்து நிரப்பச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுருங்க" என்று சொல்லி, பங்க்கில் பெட்ரோல் அடிக்கிற துப்பாக்கி ஒரு தடவை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது நம்ம ஆட்களுக்கு ஒரு வியாதி. புது வண்டியில் அதனால் வேறொரு செலவு இருக்கிறது, கீழே பிஎஸ் 6 கேள்வியில் சொல்கிறேன்.

லீக் எங்கன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

பத்தில் எட்டு தடவை முடியும். தேடுவதற்கு முன்னால் பீடி, சிகரெட் கூடாது, வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும்தான். இதைச் சொல்வது கேலிக்கல்ல. கரண்ட் போன நேரம் தீக்குச்சியைக் கிழித்து டேங்க் அடியில் பார்த்தவர் புருவம் இல்லாமல் என் கடைக்கு வந்திருக்கிறார், அவருக்கு அதிர்ஷ்டம் அன்றைக்குப் புருவத்தோடு போயிற்று.

ராத்திரி வண்டி ஆறினதும் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் ஒரு பழைய அட்டையை விரியுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் அதற்கு நேர் மேலே தேட ஆரம்பிக்கலாம். பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் ஈரம் இல்லாமலும் இருக்கலாம், அப்போது பழுப்பாகப் பிசின் மாதிரி படிந்த தடத்தைப் பாருங்கள், அதுதான் நாள்பட்ட கசிவின் அடையாளம். மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் மூடியின் ரப்பர் வாஷர், வெடித்திருக்கிறதா, தட்டையாக அமுங்கிப் போயிற்றா என்று பாருங்கள். அப்புறம் பெட்ரோலைத் திறந்து அடைக்கிற டேப் (குழாய்த் திருகு) டேங்க்கோடு சேரும் இடம், டியூபின் இரண்டு முனை, கிளிப், பில்டர், கடைசியாக கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற திருகும் அதிலிருந்து தொங்கும் ஓவர்புளோ குழாயும். ஒவ்வோர் இடத்தையும் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து மோந்து பாருங்கள்.

நான் அதிகம் விற்கிறது மூடி வாஷரும் டியூபும்தான். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு வேளை புரோட்டா செலவு வராது. இதை விட்டுவிட்டுச் சிலர் நேரே டேங்க் மாற்ற விலை கேட்பார்கள்.

பழைய வண்டி. நைட்டு நல்லாத்தான் நிக்கு, காலைல பாத்தா கீழ பெட்ரோல் கிடக்கு. டேப்பை அடைக்கணுமோ?

அடைக்கத்தான் வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் ஒரு மிதவையும், அது மேலே எழும்பும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கிற ஊசியும் உண்டு. ஊசி முனையில் ஒரு தூசி மாட்டினாலும் வழி அடையாது, டேங்க்கில் இருக்கிறது ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். ரொம்பச் சாய்வான இடத்தில் சைடு ஸ்டாண்டு போட்டாலும் மிதவை குழம்பிப் போய் இதே கதைதான்.

வெளியே வடிந்தால் பெட்ரோல் போயிற்று என்பதோடு சரி. உள்ளே இன்ஜினுக்குள் இறங்கினால்தான் தலைவலி. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் கூடியிருந்து, தண்ணீராக ஓடி, பெட்ரோல் வாடையும் அடித்தால் கிக்கரைத் தொடாதீர்கள். ஊசியைச் சரிபார்த்து ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

எனக்கது பிஎஸ் 6 வண்டி, டேப்பே கிடையாது. அதுலயும் ஏன் வாடை?

2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்க் ஆவியைச் சும்மா காற்றில் விடாமல் பிடித்து வைக்க ஒரு கேனிஸ்டரும் இருக்கிறது, பிஎஸ் 4 வண்டிகளிலேயே அது வந்துவிட்டது. கருப்பு டப்பா, உள்ளே கரித்துகள். வெயிலில் நிற்கும்போது வரும் ஆவியைக் கரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும்.

நான்கு நாள் ஓட்டாமல் வெயிலில் போட்டால் கரி நிறைந்து மிச்சம் வெளியே வரும். ஒரு அரை மணி நேரம் ஓட்டினால் அது சரியாகிவிடும். ஆனால் மேலே சொன்ன "ரவுண்டா போடுங்க" ஆட்கள் வண்டியில் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அந்தக் குழாயில் இறங்கிக் கரியை நனைத்துவிடும். நனைந்த கரி எளிதில் தேறாது, டப்பாவை மாற்றச் சொல்வார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பிலிருந்து வரும் குழாயில் அழுத்தமும் அதிகம், அந்தக் குழாய் கசிந்தால் சொட்டாது, பீய்ச்சும். அதைக் கிளிப் போட்டு இறுக்கி நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

சர்வீஸ் விட்டுட்டு வந்த பொறவுதான் வாடையே வருது. சவத்த, என்ன பண்ணி வச்சானுவளோ?

முதல் நாள் வாடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பாகங்களைப் பெட்ரோலில் கழுவி மாட்டியிருப்பார்கள், ஒரு நாளில் போய்விடும். மறுநாளும் இருந்தால் எந்த இடத்தைக் கழற்றினார்கள் என்று கேட்டு அங்கே பாருங்கள். கிளிப்பை அதன் பழைய பள்ளத்தில் உட்காரவைக்காமல் விடுவதும், டேங்க்கைத் தூக்கி மாட்டும்போது ஒரு குழாயை நசுக்குவதும் சாதாரணம்.

என் வண்டிக்கே நடந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்தேன், பெயர் எதற்கு. இரண்டு வாரம் வாடை. கடைசியில் பார்த்தால் கேனிஸ்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கிவிட்டு, முனையில் ஒரு போல்ட்டைச் செருகி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு "அது தேவையில்லாத சாமான், பிக்கப் குறையும்" என்று பதில். அடைத்த முனை கழன்றுபோய் ஆவி நேராக சீட்டுக்கு அடியில் வந்துகொண்டிருந்தது. ஸ்பேர்ஸ் கடைக்காரன் வண்டிக்கே இந்த கதி.

எத்தனால் கலந்த பெட்ரோல்னாலதான் வாடை கூடிப்போச்சுன்னு சொல்லுதாவ, உண்மையா?

பாதி உண்மை. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் கலக்கும்போது பெட்ரோல் ஆவியாகும் வேகம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் மூக்கைத் துளைக்கிற வித்தியாசத்துக்கு அது காரணமல்ல. பழைய வண்டியின் ரப்பர்தான் காரணம். எத்தனாலை நினைத்துச் செய்யாத வாஷரும் டியூபும் ஊதிப்போகும், அல்லது இறுகி வெடிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் இதற்கு ஏற்ற ரப்பர் போட்டிருக்கிறார்கள்.

பத்து வருஷ வண்டி வைத்திருப்பவர்கள் டியூபை வளைத்துப் பாருங்கள், கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். பெட்ரோலுக்கென்று விற்கிற டியூபைத்தான் வாங்க வேண்டும். மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி டியூபை மாட்டிவிட்டு, பெட்ரோல் ஓடுவது தெரிகிறது பார் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஒரு கோடை தாங்காது, மஞ்சளாகிக் குச்சி மாதிரி ஒடியும்.

குத்தாலம் போற வழில ஆலங்குளம் தாண்டி வண்டி நின்னு நின்னு போச்சு. டேங்க் மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தம். கேஸ் கட்டிக்கிட்டா?

சத்தம் எந்தப் பக்கம் போயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் மூடியைத் திறந்தால் காற்று வெளியே வரும், அது ஆவியின் அழுத்தம். ஓடி ஓடி நின்றுபோன வண்டியில் திறந்தால் பெரும்பாலும் காற்று உள்ளே போகிற சத்தம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருந்தால் வராது, பெட்ரோலும் இறங்காது. திறந்து மூடினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். செம்மண் தூசியும், டேங்க் மேல் அழகுக்கு மாட்டுகிற ரெக்சின் உறையும்தான் வழக்கமான காரணங்கள்.

மூடி சரியாக இருந்தும் நின்றால், கார்புரேட்டர் வண்டியில் டியூப் இன்ஜினை ஒட்டிப் போகிறதா பாருங்கள். சூட்டில் டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டிக்கொள்ளும். நிழலில் இருபது நிமிடம் நிறுத்தினால் போதும். கொதிக்கிற இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

எங்க வீட்ல நடை வழியா ஏத்தி பட்டாசல்லதான் வண்டி நிக்கும். வெளிய வச்சா களவு போயிரும். ஆபத்தா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கடையில் அதிக நேரம் செலவழிக்கிறேன். டவுனிலும் பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய வளவு வீடுகளில் வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். புகை மாதிரி மேலே போய் ஓட்டு இடுக்கில் வெளியேறாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடும், பள்ளம் பார்த்துத் தேங்கும். நம்ம வீடுகள் நடை, பட்டாசல் என்கிற முன்கூடம், அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும், பல வீட்டில் அடுக்களை ஒரு படி தாழ்வு. வாசலில் கசிந்தது அடுப்படியில் போய் நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். பற்றவைக்க கேஸ் அடுப்புதான் வேண்டும் என்றில்லை, தரையில் வைத்த குத்துவிளக்கு, கொசுவத்தி, பிரிட்ஜின் அடியில் தட்டிவிழுகிற சுவிட்ச், எதுவும் போதும்.

ஆகவே ஏற்றத்தான் வேண்டுமென்றால், ஓட்டி வந்த சூட்டோடு ஏற்றாதீர்கள், அரை மணி நேரம் தெருவில் ஆறவிடுங்கள். டேப்பை அடையுங்கள். ஃபுல் டேங்க் போட்ட அன்றைக்கு வெளியே நிற்கட்டும். வண்டி நிற்கிற இடத்தில் தரையை ஒட்டிக் காற்று போக வழி இருக்க வேண்டும், மேலே ஜன்னலைத் திறந்து பிரயோஜனம் குறைவு, வாசல் கதவின் அடி இடைவெளியைச் சாக்கு வைத்து அடைக்காமல் இருப்பதே பெரிய உதவி. ஈரம் கண்ட வண்டி மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. ஒரு நல்ல சங்கிலியும் பூட்டும் வாங்கி ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள்.

ஏய்யா, வாடை போவ சாம்பிராணி போட்டா போவும்லா?

கேட்டது பூ வாங்க வந்த வழியில் கடைக்குள் எட்டிப்பார்த்த ஒரு ஆச்சி. சிரிக்கவில்லை, ஏனென்றால் ஊதுவத்தி ஏற்றினேன் என்று சொன்ன இளவட்டங்களும் உண்டு. சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது ஆச்சி, காரணம் முந்தின பதில்தான். ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். வாடை என்பது வண்டி நமக்குச் சொல்கிற தகவல், அதை மறைத்துவிட்டால் லீக் இருப்பதே தெரியாமல் போகும். வாசலையும் புழக்கடையையும் திறந்து வையுங்கள். ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், ஓடுகிறதை அணைக்கவும் வேண்டாம்.

வண்டியைக் கழுவ, மெஷினுக்கு ஊத்தன்னு ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில்ல வாங்கி வைக்கேன். தப்பா?

அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் வயலுக்கு மருந்தடிக்கிற மெஷினும் புல் வெட்டுகிற மெஷினும் வந்த பிறகு இது கூடிவிட்டது. 1934 பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் பாத்திரம் இறுக்கி மூடிய கண்ணாடி, பீங்கான், உலோகமாக இருக்க வேண்டும், கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் பாட்டில் இதில் எங்கேயும் வராது.

சட்டம் இருக்கட்டும். மெல்லிய பாட்டில் வெயிலில் ஊதும், மூடி வழியாக ஆவி விடும். அதைவிட மோசம், தாகத்தில் வருகிற பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள இரும்புக் கேனில், அடுக்களைக்கு எட்டாத தொழுவத்து நிழலில், முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள்.

வாடைல மண்டையிடியா இருக்கு. டியூப்ல வாயை வச்சு உறிஞ்சும்போது கொஞ்சம் உள்ளயும் போயிருச்சு. என்ன செய்ய?

வெறும் தலைவலி, கிறுகிறுப்பு என்றால் வெளிக்காற்றுக்கு வந்து உட்காருங்கள், அடங்கிவிடும். அடங்கிவிடுகிறது என்பதற்காகத் தினமும் மோந்துகொண்டிருக்கவும் வேண்டாம், பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் வரவழைக்கிற சாமான். சில பேருக்கு அந்த வாடை பிடிக்கும் என்பது வேறு.

விழுங்கினது தனி விவகாரம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர், மோர் என்று பக்கத்து வீட்டு வைத்தியமும் கூடாது. வயிற்றுக்குள் இருப்பதைவிட, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108 கூப்பிட்டு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். பிள்ளைகள் குடித்திருந்தால் இருமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே போங்கள். வாயை வைத்து உறிஞ்சுவதற்குப் பதில் கையால் அழுத்துகிற பம்ப் மலிவாகவே கிடைக்கிறது. உடம்பில் கொட்டினால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தத் துணி காயும் வரை அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

ராத்திரி பதினொரு மணி. இப்பதான் பாத்தோம், பட்டாசல் தரைல பெட்ரோல் கிடக்கு. மெக்கானிக் போன் எடுக்கல. என்ன செய்ய?

இது நிஜமாகவே போனில் வந்த கேள்வி. அடுப்பு, விளக்கு, கொசுவத்தி எரிந்தால் அணையுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்புங்கள். வாசலைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் உருட்டி வெளியே கொண்டுபோங்கள், டேப் இருந்தால் அடையுங்கள். தரையில் கிடப்பதன் மேல் மணலைப் போட்டு அள்ளி வெட்டவெளியில் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றி அங்கணத்திலோ சாக்கடையிலோ தள்ளக் கூடாது, பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டே அடுத்த வீட்டுக்குப் போகும். எங்காவது பற்றிக்கொண்டால் அப்போதும் தண்ணீர் கூடாது, மணல்தான். கைக்கு அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியே வந்து தீயணைப்புக்கு 101 கூப்பிடுங்கள்.

வாடை முழுக்கப் போகும் வரை யாரும் உள்ளே படுக்க வேண்டாம், காற்று இருக்கிற மாதத்தில் ஒரு மணி நேரம் போதும், சித்திரை இறுக்கத்தில் கூடுதலாகும். வெளியே நிறுத்திய வண்டிக்கு அடியில் மறக்காமல் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் கறை விழுந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், வாஷரா டியூபா என்று பார்த்துவிடலாம்.